பெரியப்பாவின் இடது கால்

பெரியப்பாவின் இடது ஷூவில் ஒரு பிளவு இருந்தது. கத்தியால் கீறியதுபோல, பெருவிரலுக்கு நேர் மேலே. அதன்மீது கறுப்பு பாலிஷைத் தேய்த்து அவர் மறைத்திருந்தார். ஆயினும் மிளகின் கண்களுக்கு அது தப்பவில்லை.

மிளகு என்பது அந்தச் சிறுமிக்கு வீட்டார் வைத்த பட்டப்பெயர். உருவம் சிறிது, காரம் பெரிது என்பதனால். அவ்வீட்டில் மூவரே இருந்தனர். அப்பா நுரையீரல் நோயால் படுக்கையில் கிடந்தார். "அறை குளிர்ந்துபோச்சுன்னா இவர் பிழைக்கிறது கஷ்டம்" என்று மருத்துவர் சொல்லிச் சென்றிருந்தார். ஆகவே அடுப்பு அணையக் கூடாது. விறகு பிளக்க, எழுபது வயதான பெரியப்பா ஒருவரே இருந்தார்.

அவர் நாற்பது ஆண்டுகள் பேருந்து ஓட்டியவர். இப்போது முதுகு வளையவில்லை, கையும் நடுங்கிற்று. உருளும் கட்டையைக் குனிந்து நிறுத்த இயலாமையால், கிளட்சை மிதிப்பதுபோல் அதை இடது காலால் அமுக்கிக்கொண்டு கோடரியை ஓங்குவார்.

"பெரியப்பா, ஷூ எப்படிக் கிழிஞ்சது?"

"எலி கடிச்சிருக்கும்."

"எலிகிட்ட ஏது கோடரி?"

அவர் சிரிக்கவில்லை. "உள்ளே போய்ப் பாடத்தைப் படி. நாற்பது வருஷத்துல ஒரு கோழிக்குஞ்சு மேலகூட வண்டியை ஏத்தினவன் இல்லை நான்."

உள்ளிருந்து அப்பாவின் இருமல் கேட்டது. அடுப்பில் கடைசி விறகு சாம்பலாகிக்கொண்டிருந்தது. பெரியப்பா கோடரியைக் கையில் எடுத்தார்.

"அப்புறம் ஏன் வண்டியை விட்டீங்க? யாராவது போகச் சொன்னாங்களா?"

"யார் சொல்லணும்? கண்ணு மங்கிப்போச்சு. நானே போய்ச் சாவியைக் கொடுத்துட்டேன். பின்னால அறுபது பேர் உக்காந்திருந்தாங்களே!"

"இப்பவும் ரெண்டு பேர் உக்காந்திருக்கோம், பெரியப்பா."

கோடரி மெல்லத் தாழ்ந்தது.

மிளகு வீட்டின் பின்புறம் கிடந்த பழைய கார் டயரை உருட்டி வந்தாள். அதில் தேங்கியிருந்த மழைநீர் அவள் உடையிலெல்லாம் கொட்டிற்று. இருவருமாக அதைத் தூக்கி, விறகு பிளக்கும் அகன்ற மரத்துண்டின்மேல் கிடத்தினர். குவளையில் பென்சில்களை நிறுத்துவதுபோல, அவள் அதனுள் கட்டைகளை நெருக்கி நிமிர்த்தினாள். அவை ஒன்றையொன்று தாங்கி நின்றன. எதுவும் உருளவில்லை.

"கிளட்ச்ல இருந்து காலை எடுங்க. ரெண்டு காலும் தரையில இருக்கணும். பத்து வெட்டுக்கு ஒரு நிறுத்தம்."

"கண்டக்டரம்மா சொல்லிட்டாங்க! சரி, நீ தள்ளிப் போய்க் கதவுகிட்ட நில்லு."

முதல் வெட்டு நன்றாக விழுந்தது; இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவதில் கை நடுங்கிற்று. கோடரி விலகி, டயரின் ஓரத்தை ஆழமாகக் கீறியது. வழக்கமாக அவருடைய இடது கால் இருக்கும் பக்கம் அது.

இருவரும் அந்தக் கீறலைப் பார்த்தனர். ஷூவில் இருந்ததைவிட அது நீளமாக இருந்தது.

"எலிதான்" என்றார் பெரியப்பா.

"பெரிய எலி" என்றாள் மிளகு. அவளுக்கும் சிரிப்பு வரவில்லை.

பத்தாவது வெட்டு விழுந்ததும், "நிறுத்தம்!" என்று கூவினாள். அவர் மறுபேச்சின்றி உட்கார்ந்தார்.

அன்று மாலையும் அப்பாவின் இருமல் குறையவில்லை. ஆனால் அறை சூடாக இருந்தது. பெரியப்பா ஷூக்களைக் கழற்றிவிட்டு, அடுப்பின் முன்னே கால்களை நீட்டியிருந்தார்.

மிளகு அருகில் அமர்ந்து அவருடைய கால்விரல்களை எண்ணினாள். பத்தும் இருந்தன.