ஹார்மோன் விடாத தட்டு

மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு அவள் செல் வளர்ப்பு அறைக்குத் திரும்பியபோது விளக்கு மறுபடியும் அணைந்திருந்தது. ஜன்னல் இல்லாத அறை. விளக்கு போனால் பட்டப்பகலும் கும்மிருட்டுதான். சுவிட்சைப் போட்டுவிட்டு அலுப்போடு நாற்காலியில் சரிந்தாள்.

மூலையில் இருந்த இன்குபேட்டர் பெட்டிக்குள் வளர்ந்தவை அக்காவின் செல்கள். மார்பிலிருந்து எடுத்த கட்டியில் வந்தவை. அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். கட்டி மட்டும் ஜம்மென்று இருந்தது. இருட்டில் உறங்கும் உடம்பு சுரக்கும் மெலடோனின் ஹார்மோன், புற்றுநோய் செல்லின் வளர்ச்சியைக் குறைக்குமா என்பதுதான் ஆராய்ச்சி. ஹார்மோன் விட்ட தட்டில் வளர்ச்சி மந்தமானது, சரி. விடாத தட்டிலும் மந்தமானதுதான் தலைவலி.

"கை தவறி ரெண்டுலயும் விட்டிருப்பே," என்றார் ஆய்வகத் தலைவர். "இந்தத் தடவையும் சொதப்பினா எல்லாத்தையும் அழிச்சிடலாம்மா."

அக்காவின் உயிருள்ள மிச்சம் அது ஒன்றுதான். அதனால் இம்முறை விடாத தட்டை, ஹார்மோன் குப்பியே நுழையாத இந்த அறையில் தனியாக வளர்த்தாள்.

தட்டின் திரவத்தைச் சோதித்த முடிவு கணினியில் வந்தது. அதில் மெலடோனின் இருந்தது.

நிறையவே இருந்தது.

உறங்கும் உடம்புதானே அதைச் சுரக்கும்? இங்கே யார் உறங்குகிறார்கள்?

விளக்கு அணைந்தது.

பெட்டியின் முனகலுக்கு அடியில் சீரான மூச்சு கேட்டது. அக்கா நெற்றியில் தடவும் தைலத்தின் வாசனை.

"லைட்டப் போடாதடி. இப்பத்தான் கண்ணசந்தேன்."

வார்டில் இரவெல்லாம் எரியும் விளக்கைப் பார்த்து அக்கா கெஞ்சிய அதே குரல். அவள் இருட்டில் கதவைத் தடவித் திறந்துகொண்டு வெளியே ஓடினாள்.

சாயங்காலம் சோதனை முடிவைப் பார்த்த தலைவரே வந்து தட்டுகளில் ப்ளீச்சிங் திரவத்தை ஊற்றினார். உறைபெட்டியில் இருந்ததையும் விடவில்லை. எதைச் சொல்லித் தடுப்பது? அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை.

தனியாகக் குடியிருக்கும் வீட்டுக்கு வந்தவள், பயத்தில் விளக்கை எரியவிட்டே படுத்தாள்.

சுவிட்ச் 'டிக்' என்றது.

இருட்டில் மெத்தையின் ஓரம் மெல்ல அமுங்கியது. தைல வாசனை.

"கொஞ்சம் தள்ளிப் படுடி. அங்க இருந்த எடமும் போச்சு."

அவள் தள்ளிப் படுத்தாள்.