வெளியேறாத பயனர்

மதிய வெயிலில் திருவெறும்பூர் அச்சுக் கடைக்குள் நுழைந்ததுமே ஆன்சிக்குக் குமட்டியது. போன வாரம் கடைக்காரர் ஸ்தனிஸ்லாஸ் இங்கே கம்ப்யூட்டர் நாற்காலியிலேயே செத்துக் கிடந்தார். மனைவி டெல்பின் அப்போது ஊரில் இல்லை. நாறிய பிறகுதான் கதவை உடைத்தார்கள். பினாயில் ஊற்றிக் கழுவியும் அந்த வாடை போகவில்லை.

ஒரு காலத்தில் ஆன்சியும் இங்கே டைப் அடித்தவள்தான். மவுஸ் பிடித்த அவள் கைமேல் அந்த மனுஷன் தன் ஈரக் கையை வைத்து அழுத்திய அன்றே வேலையை உதறினாள். சீ, நினைத்தாலே கை கழுவத் தோன்றும்! டெல்பின் அழுததால்தான் இன்று வந்தாள்.

"கல்யாணப் பத்திரிகை ஆர்டரெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு ஆன்சி. இன்னிக்குக் குடுக்கலைன்னா கடைய இழுத்து மூட வேண்டியதுதான்."

"அழாதீங்கக்கா, பாக்கறேன்."

லினக்ஸ் கம்ப்யூட்டர். அவர் பாஸ்வேர்டு டெல்பினுக்குத் தெரியாததால், ஆன்சி அட்மின் கணக்கு வழியாக நுழைந்தாள். டெல்பினுக்குப் புதுக் கணக்குத் தொடங்கியவள், ஃபைல்களைக் காப்பி எடுக்கச் சோம்பல்பட்டு, ஸ்தனிஸ்லாஸின் பழைய ஃபோல்டரையே அதற்குக் கொடுத்தாள். பாஸ்வேர்டு போட்டால் திரை கறுத்து, மறுபடியும் பாஸ்வேர்டே கேட்டது. பிழைச் செய்தியைத் தேடிப் படித்தாள். ஃபைல்களெல்லாம் இன்னும் அவர் பெயரில் இருக்கின்றனவாம். தன் மடத்தனம்தான் என்று தலையில் அடித்துக்கொண்டு, அத்தனையையும் டெல்பின் பெயருக்கு மாற்றினாள்.

மாறியது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொன்றாக அவர் பெயருக்குத் திரும்பியது.

கீபோர்டு பிசுபிசுத்தது. எச்சிலா, வியர்வையா, என்ன கண்றாவியோ! பல்லைக் கடித்துக்கொண்டு அவருடைய கணக்கையே அழிக்கப் பார்த்தாள்.

'முடியாது. ஸ்தனிஸ்லாஸ் இப்போது பயன்பாட்டில் இருக்கிறார்.'

அவளுக்கடியில் நாற்காலி வெதுவெதுப்பாக இருந்தது.

"அக்கா, இங்க யாரோ இருக்காங்க."

"தெரியும்" என்று கிசுகிசுத்தாள் டெல்பின். "வெரட்டி விட்டுரும்மா. புண்ணியமாப் போகும்."

அவர் பெயரில் ஓடிய ப்ரோகிராம்களையெல்லாம் ஆன்சி நிறுத்தினாள். கணக்கு அழிந்தது. டெல்பினுக்குத் திரை திறந்தது. ஆர்டர்கள் பத்திரமாக இருந்தன.

ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வந்து தோல் எரியத் தேய்த்துக் குளித்தாள். டெல்பின் போன் செய்தாள்.

"கடைல அந்த நாத்தமே இல்ல ஆன்சி. நீ மகராசியா இருக்கணும்!"

அப்பாடா என்று சிரித்தபடி ஆன்சி தன் லேப்டாப்பைத் திறந்து பாஸ்வேர்டு போட்டாள்.

திரை கறுத்தது. மறுபடியும் பாஸ்வேர்டு கேட்டது.

அட்மின் கணக்கு வழியாக நுழைந்து, ஃபைல்கள் யார் பெயரில் இருக்கின்றன என்று பார்த்தாள். அவள் எழுதியவை, அவள் படங்கள், ஒன்றுகூட அவள் பெயரில் இல்லை.

எல்லாம் ஸ்தனிஸ்லாஸ் பெயரில் இருந்தன.