பதினான்காவது அடி

பதின்மூன்று அடிதான் இருக்க வேண்டும். பதினான்காவதும் விழுந்தது.

அந்தோணிதாஸ் கிட்டாரை நிறுத்திவிட்டு, மேளம் ஓடிக்கொண்டிருந்த டேப்பை முறைத்தான். மதியம் மூன்று மணி. தகரக் கூரைமேல் மழை விடாமல் இரைந்தது. ரந்தாவ் டவுனிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்தத் தோட்டத்தின் தொழிலாளர் லயன் வீடுகள் காலியாகி ஆறு மாதம் ஆகிறது. ஆட்களையெல்லாம் மம்பாவ் பக்கம் அடுக்குமாடிக்கு அனுப்பிவிட்டார்கள், ஏனோ கரண்டை மட்டும் இன்னும் வெட்டவில்லை. கத்தினாலும் கேட்க ஆளில்லாத இடம் என்றுதான் கடைசி வீட்டைப் பிடித்து, ஆம்ப்ளிஃபயரையும் ரெக்கார்டரையும் கொண்டுவந்து வைத்திருந்தான்.

எட்டு மாதம் விரல் தேயப் பழகிய பாட்டு. பிளாக் மெட்டல் பாட்டு வாசிக்கும் மற்ற பையன்கள் முகத்தில் மாவைப் பூசிக்கொண்டு, கிட்டாரில் மூன்று கார்டை வைத்து ஒரே ஓட்டமாக ஓடினால் போதும் என்றிருந்தார்கள். சோம்பேறிகள். இவன் கிட்டார் ஏழு ஏழாக எண்ணும். மேளம் பதின்மூன்று எண்ணும். விலகி விலகிப் போய்த் தொண்ணூற்றொரு அடி தாண்டித்தான் இரண்டும் சேரும். பதினான்கு என்றால் வெறும் இரண்டு ஏழு; பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட வாசித்துவிடும். இந்த ஒரு கேசட்தான் அவன் யார் என்று எல்லாருக்கும் காட்டப்போகிறது.

அந்த மேளம் சாவு மேளம். தோட்டத்துச் சாவுக்கெல்லாம் தப்பு அடித்த முருகையா செத்தபோது, அவருடைய தப்பையே எடுத்து மகன் நல்லசாமி அடித்தான். இவர்கள் குழுவின் டிரம்மரும் அவன்தான். வழியெல்லாம் பதின்மூன்று அடி; பிணம் குழியில் இறங்கியதும் பதினான்காவதாக ஓர் அடி, அதோடு முடிவு. அந்தோணிதாஸ் அதைப் பதிவுசெய்து, கடைசி அடியை மட்டும் பிளேடால் நறுக்கி, மீதியைச் சுற்றிச் சுற்றி வரும்படி ஒட்டிவிட்டான். மாதா கோயிலில் கிட்டார் வாசித்து வளர்ந்தவனுக்கு அது வெறும் கணக்கு.

நல்லசாமி அழுதுவிட்டான். "முடிப்பு அடிய வெட்டாதடா. அது இல்லன்னா எங்கப்பா இன்னும் வழியிலதான் நிப்பாருலா."

"எனக்குத் தேவ சத்தம்தான். உங்கப்பா இல்ல."

டிரம் குச்சிகளைக்கூட எடுக்காமல் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போன நல்லசாமி பிறகு வரவே இல்லை.

டேப்பை மறுபடி ஓடவிட்டான். பதின்மூன்று. பிறகு, மழைக்குள்ளிருந்து, இன்னொன்று.

நல்லசாமியின் வேலைதான் என்று நினைத்தான். வெளியே பார்த்துக் கெட்ட வார்த்தையில் கத்தினான். மழை மட்டும் கேட்டது. தீப்பெட்டியைத் திறந்தான். அன்று வெட்டிப் போட்டு வைத்த டேப் துண்டு, நகத்தளவு, உள்ளேயே கிடந்தது. அதைத் திரும்ப ஒட்டிவிடலாம் என்று ஒரு கணம் கை தயங்கியது. ஒட்டினால் பாட்டு போச்சு. யாருக்காக? செத்துப்போன ஒரு கிழவனுக்காகவா?

குச்சியை உரசி அந்தத் துண்டைக் கொளுத்தினான். சுருண்டு கருகியது.

ஸ்டூலில் உட்கார்ந்து வாசித்தான். பதினான்காவது வரவில்லை. ஏழும் பதின்மூன்றும் விலகின, விலகின, தொண்ணூற்றொன்று தாண்டிச் சுத்தமாகச் சேர்ந்தன. ஜெயித்துவிட்டோம் என்று வாய்விட்டுச் சிரித்தான்.

அப்போதுதான் அந்த வாசம் வந்தது. எரியும் பழைய பேப்பர். சூடேறிய தோல்.

கைக்கெட்டிய வயரைப் பிடித்துப் பிடுங்கினான். டேப் நின்றது. ஆம்ப்ளிஃபயர் அணைந்தது.

மேளம் நிற்கவில்லை.

பாதி திறந்திருந்த கதவு மெல்ல முழுசாய்த் திறந்தது. வாசலில் மழை. மழைக்குள் அணையாத தீ. தீயில் தப்பைக் காய்ச்சிக்கொண்டு முருகையா. குழியில் இறக்கும்போது கட்டியிருந்த அதே வேட்டி. பின்னால் நால்வர், தோளில் பாடை.

பாடையில் யாரும் இல்லை.

"போடா!" என்று கத்த வாயெடுத்தான். குரல் வரவில்லை. கோபம் இருந்தது, குரல் இல்லை.

முருகையா எழுந்து அடித்தார். ஒன்று. இரண்டு. நிதானமாய். பாடையை வாசற்படியில் இறக்கினார்கள்.

பதினொன்று.

எழுந்து ஓடப் பார்த்தான். கால் பிரியவில்லை.

பன்னிரண்டு.

குனிந்து பார்த்தான். கால் கட்டைவிரல்கள் இரண்டும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன.

பதின்மூன்று.

முருகையா குச்சியை ஓங்கியபடி, அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.