ஆள் மாத்த வேண்டாமுங்க

கிளாடிஸ் சிஸ்டர் வெகு நேரமாகப் பக்கம் புரட்டவில்லை.

மத்தியானக் கஞ்சியை ஊட்டி, வாயைத் துடைத்து, வெங்கடபதியை ஜன்னல் பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்துவிட்டு, அவள் அவருக்குப் பின்னால் கிடந்த பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். கனத்த உடம்பு. நாற்காலி வழக்கம்போல முனகி அடங்கியது. பிறகு ஜெபப் புத்தகத்தின் மெல்லிய தாள்கள் சரசரக்கத் தொடங்கின. தினமும் அந்தச் சத்தத்தில்தான் அவர் கண்ணயர்வார். இன்று இரண்டு மூன்று தாள்களோடு அது நின்றுபோனது.

தூங்கியிருப்பாள் என்று நினைத்தார். பாவம், தூங்கட்டும்.

பீளமேட்டில் பம்ப்செட்டுக்கு வார்ப்படம் ஊற்றும் பட்டறையை நடத்தியவர் அவர். கார்த்திகையில் பக்கவாதம் அடித்துப்போட்டது. கண்களையும் இடது கையில் இரண்டு விரல்களையும் தவிர உடம்பில் எதுவும் இப்போது அவர் சொல் கேட்பதில்லை. வாயிலிருந்து வருவது 'ம்' என்ற ஒலி ஒன்றுதான். மனைவி முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். மஸ்கட்டிலிருந்து ஓடிவந்த மகள் புவனா, திரும்பிப் போகுமுன், வீட்டோடு தங்கி நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் நஞ்சுண்டனை வரவழைத்தாள். பேச்சு அவருடைய கட்டிலுக்கு மேலேயே நடந்தது.

"பகலுக்கு ஒருத்தர், ராத்திரிக்கு ஒருத்தர்னா ரெண்டு சம்பளமாகுமுங்க அம்மணி. ஒரே ஆளு ஊட்டோட தங்குனாப் பாதியில முடிஞ்சுபோகும். மருந்து, தொடைக்கறது, திருப்பிப் படுக்க வெக்கறது, அல்லாம் அதுக்குள்ளயே வந்துருமுங்க."

"அவங்களுக்கு லீவு வேணுமுங்களே?"

"ஆறு மாசப் பணத்த முன்னாடியே கட்டிப்போடுங்க. அந்த ஆறு மாசமும் ஒரு நாள் விடாம ஆளு இருக்கும். அதுக்கு நான் பொறுப்புங்க."

இரண்டு ஆளாகவே போடு கண்ணு, என் பணம்தானே என்று சொல்லப் பார்த்தார் வெங்கடபதி. 'ம்' என்றுதான் வந்தது. "அப்பாவும் சரிங்கறாருங்க" என்று நஞ்சுண்டன் சிரித்தார். புவனா பணத்தைக் கட்டிவிட்டு விமானம் ஏறினாள்.

அப்படி வந்தவள்தான் கருமத்தம்பட்டி கிளாடிஸ். வந்ததிலிருந்து ஒரு ஞாயிறுகூட அவள் பூசைக்குப் போகவில்லை. போன வாரம் ஹாலில் நின்று நஞ்சுண்டனிடம் ஃபோனில் பேசியது அவர் காதில் விழுந்தது. "ஒரு நாளைக்கு மட்டும் மாத்து ஆளு அனுப்புங்க சார். நெஞ்சு புடிச்சாப்பல இருக்குதுங்க, டாக்டரப் பாத்துட்டு வந்தர்றேன்." அந்தப் பக்கம் நஞ்சுண்டன் என்ன சொன்னாரோ. பிறகு, "சரிங்க சார்."

இன்று காலையில் அவரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பாதியில் நிறுத்திக் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்வை. "ஒண்ணுமில்லீங்ப்பா, வாயுப் புடிப்பு" என்றாள்.

வெயில் ஜன்னலிலிருந்து இறங்கித் தரைக்கு வந்தது. புண்ணான இடுப்பெலும்பு எரியத் தொடங்கியது. இந்நேரம் அவரைத் திருப்பிப் போட்டிருக்க வேண்டும். இதுவரை அவள் ஒருமுறைகூடத் தவறியதில்லை. அவர் 'ம்' என்றார். 'வாரேனுங்ப்பா' என்ற பதில் வரவில்லை. பின்னால் ஏதோ தொப்பென்று தரையில் விழுந்தது. புத்தகம். அதைக் குனிந்து எடுக்க நாற்காலி முனகும் என்று காத்திருந்தார். முனகவில்லை.

அப்போது கரண்ட் போனது. மின்விசிறியின் கடகடப்பு மெல்ல மெல்லத் தேய்ந்து, வீடு முழுக்கச் சத்தமற்றுப் போனது. டெட்டால் வாடையும், ஆறிப்போன கஞ்சியின் புளித்த வாடையும், அவருடைய சிறுநீரின் வாடையும் ஒன்றாகக் கலந்து முகத்துக்கு நேரே நின்றன. அவர் தன் மூச்சை அடக்கிக்கொண்டு, பின்னாலிருந்து ஒரு மூச்சு கேட்கிறதா என்று கவனித்தார். தூங்குகிறவர்களின் மூச்சு கேட்கும். கனத்த உடம்புக்காரர்களின் மூச்சு நன்றாகவே கேட்கும்.

கேட்கவில்லை.

வெளியே கேட்டின் கொண்டி தட்டப்பட்டது. கொசுவலை அடித்த ஜன்னல் வழியாக எதிர்வீட்டு நஞ்சம்மாள் தூக்குப்போசியோடு நிற்பது தெரிந்தது.

"ஏனுங்க சிஸ்டர், பணியாரம் சுட்டனுங்க. கதவத் தொறங்க."

மத்தியானம் ஆனால் கிளாடிஸ் முன்கதவை உள்ளே தாழிட்டுவிடுவாள். வெங்கடபதி இருந்த பலத்தையெல்லாம் தொண்டைக்குக் கொண்டுவந்தார். ம். ம். நஞ்சம்மாள் நெற்றிக்குக் கை கொடுத்து ஜன்னலைப் பார்த்தாள். வெளிச்சத்தில் நிற்பவளுக்கு இருட்டறை தெரியவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டாள். உடைத்துத் திறவுங்கள் என்று அவர் கண்கள் கத்தின.

"அப்பாவத் தொடச்சுட்டு இருக்கறனுங்க அக்கா. அங்கயே வெச்சுட்டுப் போங்க."

கிளாடிஸின் குரல். அவருக்குப் பின்னாலிருந்து, காதுக்கு வெகு அருகில்.

வெங்கடபதிக்குக் கண்ணில் நீர் கட்டியது. இருக்கிறாள். நல்லவேளை, இருக்கிறாள். நஞ்சம்மாள் தூக்குப்போசியைப் படியில் வைத்துவிட்டுத் தெருவைக் கடந்து போவதை நிம்மதியோடு பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தன் வீட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் அவருக்கு உறைத்தது.

துடைத்துக்கொண்டிருக்கிறேன் என்றாளே. யாரும் தன்னைத் தொடவில்லையே.

பின்னால் மறுபடி அதே நிசப்தம். நாற்காலி முனகவில்லை. மூச்சு இல்லை.

ஜன்னலில் இருட்டு ஏறியது. ஹாலில் டெலிஃபோன் அலறியது. நீண்ட நீண்ட மணி, வெளிநாட்டு அழைப்பு. புவனாதான். அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. எடுக்காவிட்டால் பயந்து யாரையாவது அனுப்புவாள். எடுக்காதே. யாரும் எடுக்கக் கூடாது. கிளாடிஸ் நடந்தால் ரப்பர் செருப்பு சடக் சடக் என்று தரையில் அடிக்கும். அந்தச் சத்தம் எழவேயில்லை.

மணி நின்றது. ஹாலில் குரல் கேட்டது.

"சொல்லுங்க அம்மணி. அப்பா சுகமா இருக்காருங்க... இல்லீங்க, ஆளு மாத்த வேண்டாமுங்க. நெஞ்சு வலி நின்னுபோச்சுங்க, இப்ப எனக்கு ஒண்ணுமே இல்ல... ஆமாங்க. அடுத்த ஆறு மாசத்துக்கும் கட்டிப்போடுங்க. நானே இருந்துக்கறேன்... எத்தன வருசம்னாலும் இருக்கறனுங்க."

ரிசீவர் வைக்கப்பட்டது.

அவர் காத்திருந்தார். காலடி இல்லை. கதவு அசையவில்லை. சுவிட்ச் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. கரண்ட் வந்திருந்தது. குழல்விளக்கு சிமிட்டியது. அணைந்தது. எரிந்தது.

முதுகுத் தலையணை உருவப்பட்டது.

ஒரு கை தோளுக்கு அடியில். ஒரு கை இடுப்புக்கு அடியில். பழகிய பிடிதான். பழகிய பக்குவம்தான். ஆனால் சில்லென்று இருந்தது. பட்டறையில் ராத்திரி முழுக்கக் கிடந்த இரும்பு போல.

"திரும்பிக்கலாமுங்ப்பா."

வேண்டாம். ம். ம். ம்.

மெதுவாக, வலிக்காமல், ஜன்னல் பக்கமிருந்து அவரைப் புரட்டி, நாற்காலிப் பக்கம் திருப்பின அந்தக் கைகள்.

நாற்காலியில் கிளாடிஸ் உட்கார்ந்திருந்தாள். தலை பின்னால் சாய்ந்து, தாடை தொங்கிப்போய். கண்கள் விட்டத்தைப் பார்த்துத் திறந்திருந்தன. உதட்டோரத்திலிருந்து கழுத்து வரைக்கும் எறும்பு வரிசை. காலடியில் புத்தகம் கவிழ்ந்து கிடந்தது. மத்தியானமே செத்தவள்.

அவருக்குப் பின்னால், ஈரத்துணி முதுகைத் துடைத்தது. பவுடர் மணத்தது. உள்ளங்கை பதமாகத் தட்டிக்கொடுத்தது.

அவரால் கத்த முடியவில்லை. கண்ணை மூட முடிந்தது. மூடிய பிறகு இன்னும் மோசமாக இருந்ததால் திறந்தார். நீர் வழிந்து மூக்கில் இறங்கியது.

பின்னாலிருந்து ஒரு விரல் நீண்டு வந்து அதைத் துடைத்தது. விரலில் சிலுவை பதித்த வெள்ளி மோதிரம். எதிரே, பிரம்புக் கைப்பிடியில் கிடந்த நீலம் பாரித்த விரலிலும் அதே மோதிரம்.