வியாழக்கிழமைக் கிழங்கு

ஓடு விழுந்து உடைகிற சத்தம் கேட்டதும், கையில் இருந்த கரண்டியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் இமாஸ் கொல்லைப்புறத்துக்கு ஓடினாள்.

காலையிலிருந்து குனிந்து குனிந்து சீவிய சர்க்கரைவள்ளிக் கிழங்கு. சுண்ணாம்புத் தெளிநீரில் ஊறவைத்து, மூன்று தண்ணீர் அலசி, ஈரம் போக மூங்கில் தட்டில் பரப்பியிருந்தாள். இப்போது தட்டின் நடுவில் ஓர் ஓடு இரண்டாக உடைந்து கிடந்தது. சுற்றிலும் பாசி, மண், பல்லி முட்டை...

நிமிர்ந்தாள். பக்கத்து வீட்டுக் கூரையில் ஒருவன் ஒரு கையால் முகட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கண்ணைத் தேய்த்தபடி தும்மிக்கொண்டிருந்தான்.

"கண்ணை மூடிக்கிட்டுத்தான் கூரை ஏறுவீங்களா?"

"திறந்துக்கிட்டுத்தான் ஏறினேன்... நீங்கதான் மூட வச்சீங்க!" இன்னொரு தும்மல். "உள்ளே என்ன வறுக்குறீங்க? மிளகாயா, வெடிமருந்தா?"

"மிளகாய் வறுத்தா நெடி வரத்தான் செய்யும். அதுக்காக அடுத்த வீட்டுச் சிப்ஸ் மேல ஓடு போடுறதா?"

அவன் ஏணி வழியாக இறங்கி வேலியோரம் வந்து நின்றான். முப்பது வயதிருக்கும். வெயிலில் கறுத்த கை, மழைக்கு முன் கூரையை மாற்றிவிடும் அவசரத்தில் தோளெல்லாம் தூசி. கண் இரண்டும் சிவந்து, தாரை தாரையாக நீர்... அவளுக்கும் அதே கதிதான். அரைப்படி ஊசிமிளகாயை வறுத்தவள் வேறெப்படி இருப்பாள்? பெரிய துக்கம் நடந்த வீட்டில் சந்தித்துக்கொண்டவர்கள் மாதிரி இருவரும் கண்ணீர் வழிய ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிரித்துவிடக் கூடாது என்று இமாஸ் உதட்டைக் கடித்தாள். அவனால் முடியவில்லை. சிரித்துவிட்டான்.

'சிரிப்பைப் பாரு...' என்று நினைத்தாள். கோபம் எங்கே போனது என்று தேட வேண்டியிருந்தது.

"ருஸ்தண்டி. கோகோம் அக்காவோட தம்பி. மலைமேல கிழங்கு போடுறவன்" என்றான். பேசிக்கொண்டே வேலிக்கு மேலாகக் கை நீட்டி ஒரு சீவலை எடுத்தான். ஒடித்தான். மோந்தான். "இது தோண்டி மூணு வாரம் ஆன கிழங்கு. பொரிக்கும்போது கருகுமே?"

கருகத்தான் செய்தது. ஒரு மாதமாக அதுதான் அவள் தலைவலி. எண்ணெயின் சூட்டைக் குறைத்துப் பார்த்தாள், கூட்டிப் பார்த்தாள். விளிம்பு கறுத்து, நாக்கில் ஒரு கசப்பு நின்றது. அதை முன்பின் தெரியாதவன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொல்வதா?

"உங்க கூரையைப் போய்ப் பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை, ஈரமண் ஒட்டிய கிழங்கு ஒரு கூடை நிறையக் கொல்லைக் கதவருகே இருந்தது. கூடைக்குப் பக்கத்தில் அவனும் இருந்தான்.

"ஓட்டுக்கு ஈடு" என்றான். "இன்னைக்கு விடியக்காலை தோண்டினது. வச்சிருந்தா இனிப்பு ஏறும், சுட்டுத் தின்ன நல்லது. சிப்ஸுக்கு இனிப்பு ஏறக் கூடாது. மண் காயறதுக்குள்ள சீவிடுங்க."

நம்பிக்கை இல்லாமல்தான் சீவினாள். தேங்காயெண்ணெயில் போட்டதும் சீவல்கள் நுரையோடு எழுந்து, மெல்லப் புரண்டு, பொன்னிறத்திலேயே நின்றன. கறுக்கவே இல்லை. பூண்டும் மிளகாயும் அரைத்து வதக்கி, புளியும் பனைவெல்லமும் எலுமிச்சை இலையும் சேர்த்து, பாகு கம்பி பதத்துக்கு வந்ததும் அடுப்பை அணைத்து, அந்தப் பொன்னிறத்தை அதில் கொட்டிப் புரட்டினாள். ஒன்றை எடுத்துக் கடித்தாள். படக்கென்று உடைந்தது...

அவளுடைய அம்மா ஓனிஹ் அடுப்படிப் பலகையில் உட்கார்ந்து ஒன்றைத் தின்றாள். இன்னொன்றையும் தின்றாள். "தினமும் யாராவது நம்ம தட்டுல ஓடு போட்டா நல்லாத்தான் இருக்கும்" என்றாள்.

வியாழன்தோறும் அவன் சிலிமுஸ் சந்தைக்கு இறங்குவான். அன்றெல்லாம் கூடை வந்தது. காசை எண்ணி வாங்கிக்கொள்வான். அதில் இமாஸுக்கு நிம்மதி. பிறகு வெறும் தேநீர் ஒன்று குடிக்க உட்காருவான். அவள் சீவுவாள், அவன் துணியில் ஈரம் ஒற்றிப் போடுவான். காரம் அவனுக்கு ஆகவே ஆகாது என்பது இரண்டாம் வியாழனில் தெரிந்தது. ஒரு சிப்ஸைத் தின்றதும் காது மடல் இரண்டும் செம்பருத்திப் பூ மாதிரி ஆனது.

"தண்ணி வேணுமா காங்?" வயதில் மூத்த ஆணை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆனாலும் அவளுக்கு நாக்கில் புதிதாக இருந்தது.

"வேண்டாம்... இன்னொண்ணு குடுங்க."

"கண்ணுல தண்ணி வருதே!"

"உங்க வீட்டுக்கு வந்தா வர்றதுதானே... பழகிடுச்சு."

அவள் முக்காட்டைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புதன்கிழமைகள் நீளமாகிவிட்டன. வியாழக்கிழமை எந்த மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலும் சீவுகிற கை ஒரு நொடி நின்றது... இது நல்லதற்கில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சொல்லிக்கொள்ளக் காரணம் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் அவள் கணவன் தொலைவில் இருக்கும் பெக்காசி நகரத்துக்கு வேலைக்குப் போனான். ஒரு வருடம் போனில் பேசினான். அப்புறம் மணவிலக்குக் காகிதம் வந்தது. அதற்குப் பிறகு தெருவே அவளிடம் அன்பாக இருந்தது. தேவையில்லாத பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு, கன்னத்தைத் தொட்டு, "பாவம்..." என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தச் சொல்லை அவள் வெறுத்தாள். என் சிப்ஸை ருசிக்காக வாங்கட்டும், எனக்காக வாங்க வேண்டாம் என்பதுதான் அவளுடைய ஒரே பிடிவாதம். இப்போது அது நடக்கத் தொடங்கியிருந்தது. சிரெபோன் சாலையில் இருந்த பெரிய தின்பண்டக் கடைக்காரி ருசி பார்த்துவிட்டு, "வாரம் நூறு பொட்டலம் குடு. நிறம் மட்டும் மாறக் கூடாது" என்று சொல்லியிருந்தாள். அவள் யார், எவர் என்று கடைக்காரி கேட்கவே இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இமாஸ் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

அந்த வாரம்தான் பக்கத்து வீட்டுக் கோகோம் வந்தாள்.

"தப்பா நினைக்காதே இமாஸ்..." என்று ஆரம்பித்தாள். "என் தம்பிக்கு இளகின மனசு. கால் உடைஞ்ச ஆட்டைக்கூடத் தூக்கிட்டு வந்துருவான். கூரை மாத்த வந்த அன்னைக்கு உன் கதையைச் சொன்னேன். 'பாவம்க்கா'ன்னான். அதான் கிழங்கு கொண்டாந்து தர்றான். ஊர்ல வேற மாதிரி பேசுறாங்க. அவனுக்கு மஜாலெங்காவுல ஒரு பொண்ணு பார்த்து வச்சிருக்கோம்... உனக்குச் சொல்ல வேண்டியதில்லை."

"சொல்ல வேண்டியதில்லைக்கா" என்றாள் இமாஸ். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. அடுப்பில் கிளறிக்கொண்டிருந்த பாகு அடியில் பிடித்துவிட்டது.

வியாழக்கிழமை அவன் கூடையோடு வந்தபோது அவள் வாசற்படியிலேயே நின்றாள்.

"இனி கிழங்கு வேண்டாம். சந்தையில வாங்கிக்கிறேன்."

"ஏன்... கிழங்கு சரியில்லையா?"

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என்னைப் பத்தி அக்கா சொன்னப்போ, பாவம்னு சொன்னீங்களா, இல்லையா?"

அவன் கூடையைக் கீழே வைத்தான். 'இல்லை' என்று சொல்ல மாட்டானா என்று அவள் மனம் துடித்தது. பொய்யாவது சொல்லேன்...

"சொன்னேன்" என்றான்.

கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது. கூடை வாசலிலேயே இருந்தது. அதை அவள் தொடவில்லை. அம்மாதான் உள்ளே எடுத்து வைத்தாள்.

சந்தைக் கிழங்கு கருகியது. முதல் வாரம் நூற்றில் நாற்பது பொட்டலம்தான் தேறியது. இரண்டாம் வாரம் இருபது. மூன்றாம் வாரம் கறுத்த சீவல்களைத் தட்டில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொய் சொல்லியிருந்தால் அன்று நம்பியிருப்பேன் என்று தோன்றியது. அவளை மணந்தவன் ஒரு வருடம் போனில் எத்தனை இனிப்பாகப் பேசினான்... ஒரு கேள்விக்குக்கூட அவன் உண்மை சொன்னதில்லை. இவன் ஒரே சொல்லில் சொல்லிவிட்டான், கதவு சாத்தப்படும் என்று தெரிந்தே.

"நான் மலைக்குப் போய்ட்டு வரேன்மா. கிழங்கு வாங்கணும்."

"ம்... கிழங்கு வாங்கணும்தான்" என்றாள் அம்மா. "குடை எடுத்துக்கோ."

வேன் பாதி வழிதான் போகும். மீதியை நடந்தாள். சிரெமாய் மலை மேகத்துக்குள் மறைந்திருந்தது. மழை பெரிதாகவும் இல்லை, விடவும் இல்லை. இரண்டு பக்கமும் வயல்களில் தண்ணீர் கட்டி, நாற்று நடவு நடந்துகொண்டிருந்தது. நட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் வழி கேட்டாள்.

"ருஸ்தண்டியா? அதோ, அந்தப் பைத்தியம்" என்று கைகாட்டினாள் அவள். "ஊரே கிழங்கைத் தோண்டி வித்துட்டு நெல் நட்டாச்சு. அவன் மட்டும் ஒரு மூலையைத் தோண்டாம வச்சுக்கிட்டு, தண்ணி உள்ள போயிடக் கூடாதுன்னு வரப்பு போட்டுக்கிட்டே இருக்கான். அவனால என் வயலுக்குத் தண்ணி சுத்தி வருது. ஏண்டா தோண்டலன்னு கேட்டா, வியாழக்கிழமைக்கு வேணுமாம்! வியாழக்கிழமை கிழங்கு தின்னுமா?"

இமாஸ் அவள் காட்டிய பக்கம் வேகமாக நடந்தாள்.

தூரத்திலிருந்தே தெரிந்தது. நீரும் நாற்றுமாக மின்னிய வயல்களுக்கு நடுவில், கொடி படர்ந்த ஒரு சிறு துண்டு நிலம். ஒரு பக்கம் வரப்பு உடைந்து தண்ணீர் உள்ளே பாய்ந்துகொண்டிருந்தது. ருஸ்தண்டி முழங்கால் சேற்றில் நின்று மண்வெட்டியால் மண்ணை வாரி வாரிப் போட்டான். போடப்போடக் கரைந்தது. அவளைப் பார்த்தான். மண்வெட்டி நின்றுவிட்டது.

"என்ன பார்க்கறீங்க? தண்ணி போகுது!" என்று கத்தினாள் அவள். குடையை எறிந்துவிட்டு, கைலியை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு இறங்கினாள். கரையில் கிடந்த வாழைமட்டைகளை இழுத்து உடைப்பின் குறுக்கே போட்டு, அவை நகராமல் தன் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள். அவன் மண்ணை வெட்டிப் போட்டான். கால்மணி நேரம் ஆயிற்று. தண்ணீர் நின்றது.

வயலோரக் குடிசையில் போய் உட்கார்ந்தபோது அவளுக்குப் பல் கிட்டியது. அவன் காய்ந்த துண்டை எடுத்து, அவளைத் தொடாமல், பக்கத்தில் வைத்தான்.

"அக்கா சொன்னப்போ பாவம்னு சொன்னது நிஜம்" என்றான், மழையைப் பார்த்துக்கொண்டு. "அப்போ உங்களை நான் பார்த்ததுகூட இல்லை. யார் கதையைக் கேட்டாலும் அப்படித்தானே சொல்வோம்... அப்புறம்தான் கூரை ஏறினேன். கரண்டியோட வந்து திட்டினீங்க பாருங்க... அதோட அந்தப் பாவம் போயிடுச்சு. அதுக்கப்புறம் பயம்தான்."

"என்ன பயம்?"

"வியாழக்கிழமை கதவு திறக்குமான்னு."

அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்தது. பக்கத்தில் எங்கும் மிளகாய் இல்லை. சாக்குச் சொல்லவும் வழியில்லை.

"மஜாலெங்கா பொண்ணு...?"

"போய்ப் பார்க்கவே இல்லை. அக்காகிட்ட அப்பவே முடியாதுன்னுட்டேன். அவ உங்ககிட்ட வந்ததே அந்தக் கோபத்துலதான்." அவள் பக்கம் திரும்பினான். "உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க. கிழங்குன்னா இப்பவே தோண்டித் தரேன்."

"கிழங்கும் வேணும்..."

"கிழங்கும்னா... கூட வேற என்ன?"

இப்படியும் ஒரு மனிதன்! இமாஸ் துண்டின் நுனியை முறுக்கினாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் இத்தனை தூரம் நடந்து வந்துவிட்டு, சொல்லாமல் இறங்கிப் போனால் நாளைக்குத் தன் முகத்தைத் தானே பார்க்க முடியாது.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு காங். ஒருதரம் நம்பிக் கெட்டவ நான். மறுபடியும் நம்பலாமான்னு மூணு வாரம் யோசிச்சேன். நம்பறேன்."

அவன் காது மடல் சிவப்பதை அவள் பார்த்தாள்.

"எனக்கு... அந்த ஏணியில இறங்கினப்பவே..." என்றான். அதற்கு மேல் வரவில்லை. "திங்கட்கிழமை உங்க அம்மாவைப் பார்க்க வரட்டுமா? அக்கா வரலன்னா, தனியாவாவது..."

"தனியா வராதீங்க. அக்கா என் வேலிக்கு அந்தப் பக்கம்தானே இருக்காங்க. நானே போய்ப் பேசறேன். ஒரு நாள்ல முடியலன்னா பத்து நாள் பேசறேன்."

அவன் எழுந்தான். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கினான்.

"எங்க போறீங்க இந்த மழையில?"

"தோண்டத்தான்... மிச்சம் எல்லாத்தையும்."

"எல்லாத்தையுமா? அப்ப அடுத்த வாரத்துக்கு?"

"அடுத்த வாரம் மேல்காட்டுல வேற கொடி முத்திடும். அதுவரைக்கும் இதை இங்க வச்சிருந்தது உங்க வீட்டுக்கு வர ஒரு காரணத்துக்காக" என்றான், திரும்பிப் பார்த்து. "இனிமே காரணம் வேண்டாம்ல?"

"வேண்டாம்" என்றாள் இமாஸ். குடிசையில் கிடந்த கூடையை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் இறங்கினாள்.