செம்பு எங்கே போகும்?

ஷஹீலா டீச்சர் பிள்ளைகளின் கழுத்தில் அட்டைகளை மாட்டிவிட்டார். ஐந்து பேருக்கு ‘இரும்பு’. புதிதாக வந்த அஸ்னாவுக்குச் ‘செம்பு’. அவள் பக்கத்தில் உட்காரும் ஸனாவுக்குச் ‘சல்பேற்று’.

“இரும்பெல்லாம் கைகோத்து வரிசையா நில்லுங்க. நீங்கதான் ஆணி. செம்பும் சல்பேற்றும் ஜோடி. அந்த ஜோடி கலந்த தண்ணிதான் நீலக் கரைசல்.”

அஸ்னா ஸனாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கொஸ்லந்தையிலிருந்து பசறைக்கு வந்து ஒரு வாரம்தான். ஸனாவைத் தவிர வேறு யாரோடும் அவள் பேசியதில்லை.

“இரும்புக்குச் செம்பைவிடத் தாக்குற வேகம் அதிகம். சிவசக்தி, போய்ச் சல்பேற்றை இழுத்துக்கிட்டு வா!”

வரிசையின் ஓரத்தில் நின்ற சிவசக்தி பாய்ந்து போய் ஸனாவை இழுத்தாள்.

“மெதுவா! கை கழண்டுரும்!” என்று ஸனா கத்த, வகுப்பே சிரித்தது.

“ஒண்ணத் தள்ளிட்டு இன்னொண்ணு அதோட எடத்தைப் பிடிக்குதே, இதுதான் இடப்பெயர்ச்சித் தாக்கம்,” என்றார் டீச்சர்.

அஸ்னா மட்டும் நடுவில் தனியே நின்றாள். வெறுங்கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டை நுனியைத் திருகினாள். கண்கள் கலங்கியிருந்தன.

சிவசக்தியின் சிரிப்பு நின்றுவிட்டது. ‘நான்தானே இழுத்தேன்’ என்று அவளுக்கு நெஞ்சு உறுத்தியது.

டீச்சர் நிஜ ஆணி ஒன்றை மேசையிலிருந்த நீலக் கரைசலில் போட்டார்.

“டீச்சர், தனியா விட்ட செம்பு எங்க போகும்?” என்று கேட்டாள் சிவசக்தி.

“நீயே பாத்துச் சொல்லு.”

அவள் கண்ணாடிக் குவளையில் மூக்கு முட்டும்படி குனிந்து பார்த்தாள். சற்று நேரத்தில் ஆணி நிறம் மாறியது.

“செவப்பா ஒட்டியிருக்கே! துருவா டீச்சர்?”

“துரு இல்ல. அதுதான் செம்பு.”

“அப்ப செம்பு தனியா நிக்கல! ஆணிக்கிட்டதான் வந்து சேருது. நாம பிழையா நடிச்சிட்டோம் டீச்சர்!”

டீச்சர் அஸ்னாவைப் பார்த்தார். “ஆமா, நான்தான் பாதியில நிறுத்திட்டேன். நீயே முடிச்சு வை.”

சிவசக்தி ஓடிப்போய் அஸ்னாவின் கையைப் பிடித்தாள்.

“வா, நான் நின்ன எடம் சும்மாதான் இருக்கு. அதுல நில்லு.”

வரிசையில் நின்ற துஷாந்தினி அஸ்னாவின் கையைக் கோத்துக்கொண்டாள். “அம்மாடி! என்னா இப்புடிக் குளிருது?”

“செம்பெண்டா குளிரும்தானே,” என்றாள் அஸ்னா.

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். அஸ்னாவும் சிரித்தாள்.

இடைவேளை மணி அடித்தது.

“சரி, கையை விடலாம்,” என்றார் டீச்சர்.

யாரும் விடவில்லை. ஆணி அப்படியே வளைந்து நெளிந்து கதவைத் தாண்டி மைதானத்துக்கு ஓடியது. அதன் கடைசியில் ஓடிய அஸ்னா, காலியாக இருந்த மறு கையைப் பின்னால் நீட்டிக் கத்தினாள்:

“ஸனா, சிவசக்தி, ஓடி வாங்க!”