வெற்று நிரலின் மூச்சு

கணினி நிரலில் ஒலி என்று எதுவும் இல்லை. சில விநாடி மௌனம், அவ்வளவுதான் ரீத்தா எழுதியிருந்தாள். ஆனாலும் ஒலிபெருக்கி மூச்சு விட்டது.

கணினியின் விசிறியாக இருக்கும் என்று காதைப் பக்கத்தில் கொண்டுபோனாள். கீழே நாசி கண்டார் சோற்றுக்கடையில் கறிச்சட்டியைச் சுரண்டும் ஓசை, பள்ளிவாசல் பக்கமிருந்து புறாக்களின் முனகல், மழைக்கு முந்திய புழுக்கத்தோடு சன்னல் இடுக்கில் ஏறிவரும் மீன்தலைக் கறி வாசம் எல்லாம் அந்த மாடியறையில் அடைந்து கிடந்தன. அத்தனைக்கும் அடியில், மெல்ல உள்ளே இழுத்து, சற்றே தயங்கி, மெல்ல வெளியே விடும் அந்தச் சத்தம். விசிறி தயங்கித் தயங்கி ஓடாது.

அவளுடைய அக்கா ரோசம்மா ஒரு கப்பல் கம்பெனியில் டெலிபோன் ஆப்பரேட்டராக இருந்தவள். போன வருஷம் தொண்டையில் புற்றுநோய் வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தடியில் சின்னத் துளை. இப்போது மூச்சு போவதும் வருவதும் அதன் வழியாகத்தான். பேச்சுக்குச் சிலேட்டும் சாக்குக்கட்டியும். அவள் யாரிடமும் புலம்பியதில்லை. ஆனால் தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் கை தானாக நீண்டு பாதியில் நின்றுவிடும். அதைத்தான் ரீத்தாவால் பார்க்க முடியவில்லை.

எழுதிக் கொடுத்தால் ஒலியாக்கித் தரும் ஒரு நிரல்மொழி இருப்பதாகக் கேள்விப்பட்டு, தோழி ரொஸ்னாவிடம் சொல்லி, அதன் மூலநிரலை ஃப்ளாப்பிகளில் வாங்கிவந்தாள். தயாராக எதுவும் கிடைக்காது. மூலநிரலிலிருந்து அந்த மொழியைக் கணினிக்குப் புரியவைக்கும் கம்பைலரை அவரவர் கணினியில் அவரவரே கட்டி நிறுவிக்கொள்ள வேண்டும். ஆபரேஷனுக்கு முன் ரோசம்மா பேசிய கேசட் ஒன்று அலமாரியில் இருந்தது. அதிலிருந்து துண்டு துண்டாக எடுத்து அக்காவுக்கு ஒரு குரல் செய்துவிடலாம் என்பது ரீத்தாவின் ஆசை. வாரக்கணக்கில் பிழை மேல் பிழையாக வந்து, இந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஒரு பிழையும் இல்லாமல் கட்டி முடிந்தது. கேசட்டை இன்னும் அவள் அலமாரியிலிருந்து எடுக்கவே இல்லை.

ரொஸ்னாவுக்குப் போன் செய்தாள். அவள் கணினியில் அதே நிரல் சுத்த மௌனமாகத்தான் ஓடியதாம். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து கட்டிப் பார் என்றாள்.

அழித்தாள். மூலநிரலில் ஒலியை வெளியே அனுப்பும் பகுதியை வரி வரியாகப் படித்தாள். சந்தேகப்படும்படி ஒன்றுமில்லை. மறுபடி கட்டத் தொடங்கினாள். திரையில் எழுத்துகள் மேலேறிக்கொண்டிருக்க, மழை பிடித்துக்கொண்டது. ஓட்டுக்கூரை இரைந்தது, அறை இருட்டியது. கடைசி வரி வந்து நின்றது. இந்த முறை அவள் எந்த நிரலையும் கொடுக்கவில்லை. விசைப்பலகையில் கைகூட வைக்கவில்லை.

"ரீத்தா."

ரோசம்மாவின் குரல். வேலை முடிந்து வரும்போது இருக்குமே, அந்த லேசான கரகரப்போடு. எப்படி வந்தது என்று புத்தி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கண்ணில் நீர் முட்டியது.

"அக்கா, சீக்கிரம் வா லா, இதக் கேளு."

ரோசம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே சமையலறையிலிருந்து வந்தாள்.

"அக்காவும் வந்தாச்சா," என்றது ஒலிபெருக்கி. அதே குரல்.

ரோசம்மா நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். இடுப்பில் தொங்கிய சிலேட்டில் எழுதினாள்: அது நான் இல்லை.

"இல்லதான்," என்றது குரல். சிலேட்டைத் திருப்பிக் காட்டுவதற்கு முன்பே.

ரீத்தா பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள். திரை சுருங்கிப் புள்ளியாகி அணைந்தது. விசிறி நின்றது. ஒலிபெருக்கியின் வயரையும் அறுத்தாள்.

மௌனம். மழை மட்டும்.

ஓடிப்போய் அக்காவைக் கட்டிக்கொண்டாள். ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அக்காவின் உடம்பு ஒருமுறை விறைத்தது. கழுத்தடியிலிருந்து ஒரு சூடான காற்று ரீத்தாவின் கன்னத்தில் பட்டது.

"இங்க நல்லா இருக்கு, ரீத்தா."

ரீத்தா விலகினாள். அக்காவின் உதடுகள் மூடியிருந்தன. கண்கள் மட்டும் கெஞ்சின. துளை விரிந்தது. சுருங்கியது.

"ரொம்ப நாளா காலியா கெடந்திருக்கு."

ரோசம்மா இரண்டு கைகளாலும் துளையைப் பொத்தினாள். குரல் நின்றது.

மூச்சும் நின்றது.

முகம் சிவந்தது. பிறகு கறுத்தது. ரீத்தா அந்த விரல்களைப் பற்றி இழுத்தாள். ஒரு விரல் விலகியதும் காற்று உள்ளே போனது. வெளியே வந்தது சிரிப்பு. ரோசம்மா தலையை ஆட்டினாள். வேண்டாம். வேண்டாம். தங்கையின் கையைப் பிடித்துத் தன் கழுத்தில் வைத்தாள். தன் கைகளை அதன் மேல் வைத்து அழுத்தினாள்.

உள்ளங்கைக்குக் கீழே துளை துடித்தது. அந்தத் துடிப்பில் உதடுகள் போல ஏதோ அசைந்து, ரீத்தாவின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. அக்காவின் கண்கள் அவளையே பார்த்தன. கையை எடுக்கவும் முடியவில்லை. வைத்திருக்கவும் முடியவில்லை.